லாஸ்மினியின் இடது காதுக் கணக்கு

லெபாரான் என்னும் ரம்ஜான் பண்டிகை விடுமுறை முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து, லாஸ்மினி அனுப்பிய மின்னஞ்சலை யாராவது திறந்து படித்தால் அவளுடைய இடது காது ஒரு தடவை ணங்கென்று ஒலித்தது. படித்தவரின் பெயரும் கூடவே மனதில் வந்து நின்றது. இந்தோனேசியாவின் செமாராங் நகரத்தில் பிரஷர் குக்கர் விற்கும் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எத்தனை போய்ச் சேர்ந்தது, எத்தனை பேர் திறந்தார்கள் என்று அறிக்கை தருவது அவள் வேலை. காதுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரும் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்தான். அவள் எதிரிலேயே போனில் அவள் அஞ்சலைத் திறந்து பார்த்தார், காது ஒலித்தது, மருந்துச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்டில் குக்கர் மூடியின் வால்வில் பழுது இருப்பது தெரியவந்தது. அடைத்துக்கொண்டால் மூடி பறக்கும். முப்பத்தோராயிரம் பேருக்கு எச்சரிக்கை போனது. திரையில் பன்னிரண்டாயிரம் பேர் திறந்ததாக வந்தது. காதில் அறுபத்திரண்டு.

"பாக், அறுபத்திரண்டு பேர்தான் படிச்சிருக்காங்க," என்றாள் மேலாளர் தர்சோனோவிடம்.

"பன்னிரண்டாயிரம்னு காட்டுதே, ம்பாக் லாஸ்மினி?"

"அது மெஷின் திறந்தது பாக். உள்ள வைரஸ் இருக்கான்னு அதுவே மோந்து பாக்கும். அதையும் சேர்த்து எண்ணுது."

தர்சோனோ காதைச் சந்தேகிக்கவில்லை. மகள் கல்யாண அழைப்பைச் சம்பந்தி பார்த்தாரா என்று போன மாதம் அவரே அந்தக் காதிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். "காது சொல்றது சரிதான், நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா ஜகார்த்தா ஹெட் ஆபீசுக்குப் போற அறிக்கையில காதுன்னு ஒரு கட்டம் இல்லையே. நான் எங்க போய் எழுதுவேன்?"

லாஸ்மினி மறுபடி அனுப்பினாள். 'உடனே திறக்கவும்' என்று தலைப்பிட்டாள். ஒன்பது. 'ஆபத்து' என்று போட்டாள். நான்கு. ஆறு வருடமாக வாரம் இரண்டு தடவை 'இன்று மட்டும்', 'கடைசி வாய்ப்பு' என்று தலைப்பு எழுதியவளும் அவள்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மேசையைக் குத்தினாள். போன் செய்தால் மோசடிக்காரி என்று வைத்துவிட்டார்கள். "வேற ஆளைப் பாரும்மா, இன்னிக்கே உன்னை மாதிரி நாலு பேர் பேசியாச்சு," என்றார் ஒரு பெரியவர்.

சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனாள். பக்கத்து ஊரான உங்காரானில் சோத்தோ என்ற கோழிச் சூப் கடை வைத்திருந்த இபு வாகினெம் மூன்று குக்கர்களில் கோழி வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"மெயிலா? வாரண்டிக்குன்னு என் மவன் ஏதோ முகவரி போட்டான். அதை யாரு பாத்தா?" என்றவள், லாஸ்மினி அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியபின் வால்வுகளைக் கழற்றுவதைப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே? உக்காரு, ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போ," என்றாள்.

நான்கு சனிக்கிழமைகளில் பதினேழு வீடுகள். திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதாள்.

செப்டம்பரில் சாலாத்திகாவில் ஒரு மூடி கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. வீட்டுக்காரியின் முன்கை வெந்தது. ஜகார்த்தாவிலிருந்து வந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் எச்சரிக்கையைத் திறந்ததாக இருந்தது, அனுப்பிய ஒரே விநாடியில். காது சொன்ன பெயர்களை எழுதி வைத்த லாஸ்மினியின் நோட்டில் அவள் பெயர் இல்லை. மறுநாளே சந்தை சந்தையாக ஒலிபெருக்கி வண்டிகள் போயின, வால்வுகள் மாற்றப்பட்டன. அறிக்கையில் 'திறந்தவை' என்பதற்குப் பக்கத்தில் 'காது' என்று புதிதாக ஒரு கட்டமும் போடப்பட்டது.

அதற்குப் பிறகு விளம்பர அஞ்சல் வாரம் மூன்றாகிவிட்டது. அஞ்சல் போகும் செவ்வாய்க்கிழமைகளில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அவளுக்குக் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லோரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அறிக்கையைத் திங்கட்கிழமைதோறும் லாஸ்மினியே ஜகார்த்தாவில் ஒன்பது பேருக்கு அனுப்புகிறாள். ஒன்பது பேரும் திறந்ததாகத் திரை காட்டுகிறது. காது ஒலிக்கிறதா என்று அவள் சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, காதுக் கட்டத்தில் பூஜ்யம் போட்டு, அடுத்த வார அறிக்கையில் சேர்த்து அனுப்புகிறாள்.