அமலம்மாளுக்கு ஒரு பைனாகுலர்

பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அமலம்மாள் வீட்டுச் சமையலறைச் சன்னலைத் திறந்தால் மலைச்சரிவு தெரியும். அங்கே ஒரு மரப்பொந்தில் இருவாச்சிப் பறவை கூடு வைத்திருந்தது. பெட்டை உள்ளே இருந்துகொண்டு வாசலை அடைத்துவிட்டது. சேவல்தான் பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்டும். குஞ்சு வளர்ந்ததும் அடைப்பை உடைத்து வெளியே வரும். அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அமலம்மாள் ஆசைப்பட்டாள்.

சர்க்கரை வியாதி அவள் கண்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பார்வை எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். தடித்த கண்ணாடி போட்டும் அந்த மரம் அவளுக்குப் பச்சைக் கறையாகத்தான் தெரிந்தது.

அவள் கணவர் ரேமண்ட், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். அவளிடம் சொல்லாமல் பினாங்கு ரோட்டில் பஷீரின் கேமராக் கடைக்குப் போனார். இருப்பதிலேயே பெரியதாக, இருபது மடங்கு காட்டும் பைனாகுலரைக் கையில் எடுத்தார்.

“அண்ணே, அது கையில நடுங்கும்லா. பறவை தெரியாது, பூகம்பம்தான் தெரியும்,” என்றான் பஷீர்.

எட்டு மடங்கு போதும், முன்கண்ணாடி அகலமாக இருந்தால் வெளிச்சம் நன்றாக வரும் என்று விளக்கி, இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று விலை குறைவு, மற்றது கூடுதல். யாருக்கு என்றும், அவர்கள் கண்ணாடி போடுவார்களா என்றும் கேட்டான்.

ரேமண்ட் கண்ணாடி போடாதவர். “எனக்குத்தான்,” என்றார்.

அமலம்மாளின் கண் விஷயத்தை அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கோயிலில் தெரிந்தால் ஆளாளுக்கு ஜெப எண்ணெயோடு வீட்டுக்கு வந்து பரிதாபப்படுவார்கள் என்று அவளுக்குப் பயம். அவருக்கோ அதை வாய்விட்டுச் சொல்லவே பயம். வாசலில் நின்று எதிர்க்கட்டடத்தின் கூரைப் புறாக்களை இரண்டிலும் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே தெளிவாக இருந்தன. குறைந்த விலைக்கு நல்ல சாமான் என்று மலிவானதை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அமலம்மாள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அதைக் கண்ணில் வைத்தாள்.

தெரிகிறதா என்று கேட்டார். “தெரியுதுங்க. பழம் ஊட்டுது,” என்றாள்.

அதன்பின் தினமும் சன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு வாரம் போனது. ஒரு மாலை, சேவல் வந்திருக்கிறது என்று அவள் சொல்ல, அவர் வாங்கிப் பார்த்தார். மரத்தில் ஒரு பறவையும் இல்லை. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

“சின்னதா ஒரு வட்டம் தெரியுது, சுத்தி ஒரே கறுப்பு,” என்றாள். கண்ணாடியைக் கழற்றினால் எல்லாம் கோணலாம். “கண்ணுதான் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். ஆசையா வாங்கிட்டு வந்தீங்க, எப்படிச் சொல்றது?”

மறுநாள் ரேமண்ட் பஷீரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி போடுகிறவர்களின் கண் லென்சிலிருந்து தள்ளி நிற்கும், அதற்கு ஏற்றது விலை கூடிய மற்றதுதான் என்றான் அவன். முன்பே சொல்லியிருக்கலாமே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழையதை வாங்கிக்கொண்டு அதைப் பையில் போட்டுக் கொடுத்தான். விலை வித்தியாசத்தையும் வாங்க மறுத்துவிட்டான்.

“அக்கா மொதல்ல பாக்கட்டும்ணே.”

அந்த நல்ல மனதுக்கு ஆண்டவர் கணக்கு வைத்திருப்பார். ஆனால் அன்று மலையை மழை மூடியிருந்தது, மறுநாளும் விடவில்லை. ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பும்போது அமலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவளுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரிந்தன.

மனம் நோகக்கூடாது என்று மறைப்பதும் அன்புதான். ஆனாலும் அவர்களுக்கிருந்த கொஞ்ச நாளை அதுவே தின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவரைச் சன்னலருகே உட்காரச் சொல்லி, பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். மழை ஓய்ந்து சரிவு தெளிவாக இருந்தது. ரேமண்ட் பைனாகுலரைத் திருப்பினார். பொந்தின் அடைப்பு உடைந்து கிடந்தது. உள்ளே வெறும் இருட்டு.

குஞ்சு இப்போதுதான் எட்டிப்பார்க்கிறது என்று சொல்ல அவர் வாயெடுத்தார்.

“உள்ளதைச் சொல்லுங்க,” என்றாள் அவள். “நான் சொன்ன பொய்யே போதும்.”

“அடைப்பு ஒடஞ்சு கெடக்கு அமலா. எல்லாம் பறந்து போயிருச்சு.”

குஞ்சு நல்லபடியாகப் போயிருக்குமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். அவள் சன்னல் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, தாழ்ந்த குரலில் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினாள். ரேமண்ட் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு, ஜெபத்தின் பின்பாதியில் சேர்ந்துகொண்டார்.