மூன்றாவது மழைக்கு ஒன்பது மார்க்கு

பானு கம்ப்யூட்டர் வைத்திருந்ததால்தான் இதில் மாட்டிக்கொண்டாள். கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு செருப்புக் கடையின் மாடியில், பத்துக்குப் பத்து அறையில் அவளுடைய டி.டி.பி. சென்டர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள் எல்லாம் அங்கே உருவாகும். 2003-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பூவனலிங்கம் தான் எழுதிய நாடகம் ஒன்றை டைப் செய்யக் கொண்டுவந்தார்.

நாடகம் நான்கு அங்கம். மூன்றேமுக்கால் அங்கம் வரைக்கும் ஊரில் மழை கிடையாது. கடைசியில் கதாநாயகன் வெடித்துக் கிடக்கும் நிலத்தில் விழுந்து வானத்தைத் திட்டுவான். உடனே மழை கொட்டும். திரை. ஆடி மாதம் வியாபாரிகள் சங்க ஆண்டு விழாவில் அரங்கேற்றம் என்று முடிவாகியிருந்தது. சங்கத்தில் வழக்கமாக மழைக் காட்சி வந்தால் திரைக்குப் பின்னால் ஒருவர் முறத்தில் சோளத்தைப் புரட்டுவார். பூவனலிங்கத்துக்கு அது போதவில்லை.

“சோளத்த உருட்டுனா சோளச் சத்தம்தான் வரும். என் மழ மழையாட்டம் இருக்கணும்” என்றார்.

அப்போதுதான் யோகராஜ் உள்ளே வந்தான். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். சென்னைக்குப் போய் இரண்டு சீடி வாங்கி வந்திருந்தான். இரண்டும் சாஃப்ட்வேர் சிந்தசைசர். கம்ப்யூட்டரில் போட்டால் வயலின், புல்லாங்குழல், இடி, காற்று என எந்தச் சத்தத்தையும் உண்டாக்கலாம். ஒன்று பளபளப்பான வெளிநாட்டு அட்டைப்பெட்டியில் இருந்தது. மற்றொன்று வெள்ளைக் காகித உறையில், மேலே மார்க்கர் பேனாவால் ‘நல்லது’ என்று மட்டும் எழுதி.

“இது ரெக்கார்டு பண்ணுன மழ இல்ல அண்ணாச்சி. மழையே இல்லாம கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு உண்டாக்குத மழ” என்றான் யோகராஜ்.

மூன்று வருஷமாக மழை பொய்த்திருந்த ஊரில் இந்த வாக்கியம் பூவனலிங்கத்தை மிகவும் ஈர்த்தது. பானுவின் கம்ப்யூட்டரில் இரண்டையும் போட்டுக் கேட்டார்கள். அட்டைப்பெட்டி மழைதான் அருமை என்றார் பூவனலிங்கம். காகித உறை மழைதான் உயிர் உள்ளது என்றான் யோகராஜ். ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. வேலை கெடுகிறதே என்ற எரிச்சலில் பானு ஒரு காரியம் செய்தாள். மேஜை மேல் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டு, காகித உறைச் சீடியின் மழையை ஓடவிட்டாள்.

“கேளு, எப்படி இருக்கு. வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுக்காரன்தான்” என்றார் பூவனலிங்கம்.

பானு உண்மையைச் சொன்னாள். பூவனலிங்கம் கோபப்படவில்லை. யோசித்தார். அவள் இன்டர்நெட்டில் படித்த ஒன்றைச் சொன்னாள். எது எது என்று தெரியாமல் கேட்டு மார்க்கு போட வேண்டும். போடுகிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. அதற்கு பிளைண்ட் டெஸ்ட் என்று பேர்.

“பிளைண்டுன்னா கண்ணக் கட்டணும்லா” என்றார் அவர்.

“அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. திரை ஒண்ணு போட்டாப் போதும்.”

“திரை போட்டா எட்டிப் பாப்பாங்க. துண்டு கட்டுவோம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு தீப்பெட்டி ஆபீசில் பரீட்சை. விடுமுறை நாள் என்பதால் வேலையாட்கள் இல்லை. முற்றம் முழுக்கப் பாய் விரித்து, சனிக்கிழமை ஒட்டிய வெறும் பெட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பல ஆயிரம் இருக்கும். முற்றத்தைப் பார்த்த வாசலுக்கு அருகில்தான் பிளக் பாயிண்ட் இருந்தது. அதனால் பானு கம்ப்யூட்டரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் வாசலை ஒட்டியே வைத்தாள்.

நடுவர்கள் நான்கு பேர். பூவனலிங்கம் தலைமை. மிட்டாய்க் கடை சண்முகராஜ், பாகு கொதிக்கும் சத்தத்தை வைத்தே பதம் சொல்பவர். பெட்டி ஒட்டும் பிரிவை மேற்பார்க்கும் பாலம்மாள். நான்காவது புதூர்ப் பக்கத்திலிருந்து வந்த கருத்தையா, ஆடு மேய்ப்பவர். மழையில் அதிகம் நின்றவர் ஒருவர் வேண்டும் என்று பூவனலிங்கமே ஆள் அனுப்பி அழைத்திருந்தார்.

யோகராஜை எதிரே டீக்கடைக்கு அனுப்பிவிட்டார்கள். தனக்குப் பிடித்த மழை வரும்போது அவன் மூச்சு விடுகிற விதமே காட்டிக்கொடுத்துவிடும் என்றார் சண்முகராஜ். நான்கு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பானு ஒவ்வொருவருக்கும் துண்டைக் கட்டினாள். பூவனலிங்கம் இருட்டுக்குள் இருந்தபடியே சட்டத்தை அறிவித்தார்.

“பானு ஒரு தடவ மணி அடிச்சா சத்தம் ஆரம்பம். மறுபடி அடிச்சா முடிவு. நான் சொல்லாம யாரும் துண்ட அவுக்கக் கூடாது. ஏ பானு, நீ என்ன ஆனாலும் எதுவும் சொல்லக் கூடாது. நீ சொன்ன விதிதான்.”

“சரி அண்ணாச்சி.”

காசு சுண்டிப் பார்த்து, முதலில் காகித உறைச் சீடியைப் போட்டாள். மணி அடித்தாள். ஒரு நிமிஷம் மழை பெய்தது. மணி அடித்தாள். பூவனலிங்கம் எட்டு, சண்முகராஜ் ஏழு, பாலம்மாள் ஒன்பது. கருத்தையா கொஞ்சம் தயங்கினார்.

“இது கடல வறுக்குத சத்தம் மொதலாளி. ஒண்ணு போடுங்க.”

இரண்டாவதாக அட்டைப்பெட்டிச் சீடி. ஆறு, எட்டு, ஆறு. கருத்தையா இதற்கும் ஒன்று போட்டார். இதையும் வறுக்கிறார்கள், ஆனால் எண்ணெயில் என்றார்.

பானு குறித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தின் மேல் வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மேற்கேயிருந்து வந்த மேகம் ஆபீசுக்கு மேலேயே நின்றது. முதல் துளி பாயின் ஓரத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. முற்றம் முழுதும் சடசடவென்று அடித்தது.

அவள் வாயைத் திறந்தாள். சட்டம் ஞாபகம் வந்தது. மூடினாள். என்ன செய்வதென்று தெரியாமல் கையில் இருந்த மணியை அடித்தாள்.

“மூணாவது ஆரம்பிச்சிருக்கு. கவனிங்க” என்றார் பூவனலிங்கம்.

“ரெண்டுதான்னு சொன்னீங்க” என்றார் சண்முகராஜ்.

“புள்ள நம்மளச் சோதிக்கா. இருக்கட்டும்.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டர் இருண்டது. தலைக்கு மேல் ஓடிய ஃபேன் மெதுவாக நின்றது.

“ஃபேன நிறுத்துனது நல்லதாப் போச்சு. இப்பத்தான் தெளிவாக் கேக்கு” என்றார் சண்முகராஜ்.

பானு கைகளை ஆட்டினாள். நான்கு துண்டுகளுக்கு முன்னால் ஆட்டி என்ன பயன். கடைசியில் சட்டத்தை மீறினாள்.

“அண்ணாச்சி, மழ பெய்யுது.”

“தெரியுதும்மா. மூணும் மழதான். நல்லாப் பெய்யுதா இல்லியாங்கதுதான் கேள்வி. நீ பேசாத.”

“இல்ல அண்ணாச்சி, நிசமாவே பெய்யுது.”

“அப்படிச் சொல்லி எங்க மனச மாத்தக் கூடாது தாயி. பாலம்மா, நீ சொல்லு.”

பாலம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “இது சரியில்ல அண்ணாச்சி. காஞ்ச பெட்டி மேல தண்ணி ஊத்துத மாரி இருக்கு. மழைன்னா மண்ணுல விழுகணும்லா. நாலு போடுதேன்.”

“சரியாச் சொன்ன. எனக்கும் அட்டச் சத்தம்தான் கேக்கு. மூணு” என்றார் பூவனலிங்கம்.

“ஒரே இரைச்சல். ஏத்த இறக்கமே இல்ல. ரெண்டு” என்றார் சண்முகராஜ்.

கருத்தையா எழுந்து நின்றார். மூக்கை உயர்த்தினார்.

“மொதலாளி, மண்ணு வாசம் வருது.”

“கருத்தையா, காது மட்டும்தான் கணக்கு. மூக்குக்கு மார்க்கு கெடையாது.”

“எனக்குப் பத்து” என்றார் கருத்தையா. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, பெஞ்சில் இடித்து, சுவரைத் தடவி, வாசலைத் தாண்டி முற்றத்தில் இறங்கினார். துண்டை அவிழ்க்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தார். பெட்டிகளுக்கு நடுவே கண் கட்டியபடி முகத்தைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியது. வாயை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்.

பானு வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே பெஞ்சில் நிதானமாக உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்தாள். பாய்களைத் தனியாக இழுக்க முடியாது. கத்தியிருக்கலாம். போய்த் துண்டுகளைப் பிடுங்கியிருக்கலாம். அவள் மறுபடி மணியை அடித்தாள். சண்முகராஜ் சொன்ன இரண்டைக் குறித்தாள். பெஞ்சில் இருந்த மூன்று பேருடையதையும் கூட்டினாள். ஒன்பது.

“முடிஞ்சிதா?” என்றார் பூவனலிங்கம்.

“முடிஞ்சிது அண்ணாச்சி.”

“பெறகு ஏன் சத்தம் நிக்கல?”

பூவனலிங்கம் துண்டை அவிழ்த்தார். வெளிச்சத்துக்குக் கண் பழகக் கொஞ்ச நேரமாயிற்று. இருண்ட கம்ப்யூட்டர் தெரிந்தது. வாசலுக்கு வெளியே தண்ணீர் ஓடியது. பசை விட்டுப் பிரிந்த பெட்டிகள் தட்டையாகி, நீல நிறத் தாள்கள் ஒன்றன் பின் ஒன்றாக வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தன. நடுவில் கருத்தையா நின்றார்.

பாலம்மாள்தான் முதலில் ஓடினாள். பானுவும் ஓடினாள். இருவரும் ஒரு பாயை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தார்கள். அதற்குள் அது பாயாக இல்லை, கூழாக இருந்தது. சண்முகராஜ் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். கருத்தையா துண்டை அவிழ்க்க அனுமதி கேட்டார். பூவனலிங்கம் கையால் சைகை காட்டினார். பிறகு அவரால் பார்க்க முடியாது என்று உணர்ந்து, “அவுத்துக்கிடும்” என்றார்.

பாதிப் பெட்டிகளைக் காப்பாற்றினார்கள். மழை கால் மணி நேரத்தில் நின்றது. டீக்கடையிலிருந்து யோகராஜ் சேற்றைத் தாண்டித் தாண்டி வந்தான். முற்றத்தின் கோலத்தை அவன் கவனிக்கவே இல்லை.

“எது ஜெயிச்சுது அண்ணாச்சி?”

“உன்னோடதுதான்” என்றாள் பானு.

யோகராஜ் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அங்கே யாருக்கும் கோபப்படத் தோன்றவில்லை.

பூவனலிங்கம் மார்க்குத் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். சண்முகராஜ் மெதுவாக, மூன்றாவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அது போட்டிக்குப் பேர் கொடுக்கவில்லை என்றார்.

“அப்படிச் சொல்லக் கூடாது. நாம கேட்டோம், மார்க்குப் போட்டோம்” என்றார் பூவனலிங்கம். “அது மழதான், நான் இல்லேங்கல. ஆனா நல்ல மழ இல்ல. நாடகத்துக்கு ஆகாது.”

பிறகு பானுவிடம் தனியாகக் கேட்டார். “நீ ஏம்மா கத்தல?”

“சொன்னேன்லா அண்ணாச்சி.”

“சொன்ன. கத்தல.”

அவரிடம் சொல்ல முடியாததைப் பானு சாயங்காலம் ஈரப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும்போது பாலம்மாளிடம் சொன்னாள்.

“எனக்கே தெரியணும்னு இருந்துச்சுக்கா. மழைக்கு எவ்வளவு போடுதாங்கன்னு. ஒரு ரெண்டு நிமிசம் அதான் பெருசாத் தெரிஞ்சுது.”

பாலம்மாள் கை நிறுத்தாமல் அடுக்கினாள். “நான் நாலு போட்டேன் பாத்துக்க. வருசமெல்லாம் மழ மழன்னு சொல்லிட்டு. வீட்டுல சொன்னா சிரிப்பாங்க.” பிறகு, “ஆனா பெட்டிச் சத்தத்தச் சரியாச் சொல்லிட்டேன்லா?” என்று கேட்டாள்.

“நீங்க மட்டுந்தான் சரியாச் சொன்னீங்க.”

அந்தப் பதில் பாலம்மாளுக்குத் திருப்தியாக இருந்தது.

ஆடியில் நாடகம் நடந்தது. கதாநாயகன் வானத்தைத் திட்டினான். திரைக்குப் பின்னால் யோகராஜ் காகித உறைச் சீடியின் மழையை ஏற்றினான். சனங்கள் நன்றாகக் கை தட்டினார்கள். அடுத்த நாள் பூவனலிங்கம் பானுவின் சென்டருக்கு வந்தார். பரீட்சை முடிவை அழகாக டைப் செய்து, கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்ட வேண்டும் என்றார். முதல் வரிசையில் ஒரு சாஃப்ட்வேர் பேர், இரண்டாவதில் மற்றது. மூன்றாவது வரிசைக்கு வந்ததும் பானு நிறுத்தினாள்.

“இதுக்கு என்ன பேர் போடட்டும் அண்ணாச்சி?”

அவர் யோசித்தார். “மழைன்னு போட்டா வாரவன் போறவன் கேப்பான். ‘வெளியிலிருந்து வந்தது’ன்னு போடு.”

அவள் அப்படியே போட்டாள். அந்த வாரக் கடைசியில் கருத்தையா சந்தைக்கு வந்தவர் படியேறி வந்தார். புதூர்ப் பக்கம் அந்த ஒரு மழையோடு சரி, பிறகு ஒன்றும் இல்லை என்றார். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“ஏம்மா, என் பத்தச் சேத்தியளா?”

சேர்க்கவில்லை. வெளியே இறங்கி நின்று கேட்டார் என்று தலைமை நடுவர் அவர் போட்ட மூன்று மார்க்குகளையும் தள்ளியிருந்தார். பானு அதைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் அந்தத் தாளைத் திறந்து, அவர் போட்ட ஒன்றையும் ஒன்றையும் பத்தையும் சேர்த்தாள். இருபத்தைந்து, இருபத்தொன்று, பத்தொன்பது. அப்போதும் மழை மூன்றாவதுதான்.

புதிதாக ஒரு பிரதி எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்கே இருக்கிறது தன் பத்து என்று கேட்டார். அவள் விரல் வைத்துக் காட்டினாள். அவர் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாளை நாலாக மடித்து மடியில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்.