இரண்டாவது கயிறு

குழந்தை இங்கார் நடக்கத் தொடங்கியபோது அவள் கணுக்காலில் சடங்காகக் கட்டிய கறுப்பு வெள்ளைக் கயிற்றை வெட்டியது அத்தை மர்ஜான்தான். வெட்டுகிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது தராஸ் நகரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால் ஆளாளுக்குக் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார்கள். குழந்தையின் அப்பா தவ்லெத் யாருக்கும் கொடுக்கவில்லை. "என் பொண்ணு எங்க அக்கா மாதிரி அடக்கமா வளரணும்" என்று சொல்லி மர்ஜானிடம் கொடுத்தான்.

மர்ஜானுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தபால் நிலையத்தில் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்யும் அளவுக்கு அமைதி. தனக்கென்று ஒரு குழந்தை இல்லாதவளுக்குத் தன்னைப் போல ஒரு குழந்தை என்பது சின்ன விஷயமா? அன்று அவள் மனம் நிறைந்து போயிற்று.

மூன்று வயதாகியும் இங்கார் பேசவில்லை. முதலில் எல்லோருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. பெரியவர்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை, விருந்தாளிகள் நடுவே ஓடுவதில்லை, தேநீர்க் கிண்ணங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடப்பாள். "இப்பவே மருமக லட்சணம் வந்துடுச்சு, பாருங்க" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். பையனாக இருந்திருந்தால் அப்போதே யாராவது கவலைப்பட்டிருப்பார்கள். பெண் குழந்தை வாயை மூடிக்கொண்டிருந்தால் நம் ஊரில் அதற்குப் பெயர் நல்ல வளர்ப்பு!

நாளாக ஆக மெச்சல் புலம்பலாக மாறியது. பழி கத்தரிக்கோல் பிடித்த கைமேல் விழுந்தது. கல்யாண வீடுகளில் பாட்டுப் பாடி ஊரையே ஆட்டிவைக்கும் குல்யாஷ் சித்தி ஒரு நாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"ஊமைக்கோட்டான் கையில கத்தரியக் குடுத்துட்டு, கிளி மாதிரி பேசலைன்னா எப்படிடா? மறுபடி கயிறு கட்டு. இந்தத் தடவை நான் வெட்டறேன். அப்புறம் அவ வாயை மூடறதுக்கு ஆள் தேடுவே, பாரு."

தவ்லெத் ஞாயிற்றுக்கிழமைக்கு விருந்து குறித்துவிட்டான்.

மர்ஜானுக்கு அவமானத்தைவிட வேறொன்று உறுத்தியது. பல மாதங்களாக அவள் இங்காரிடம் தன் சாயலைத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. சின்ன வயதில் மர்ஜான் பேசமாட்டாளே தவிர, கண் எல்லோர் முகத்திலும் இருக்கும். ஜன்னலில் புறா வந்து உட்கார்ந்தால் அம்மாவின் பாவாடையை இழுத்து விரல் நீட்டிக் காட்டுவாள். இங்கார் எதையும் யாருக்கும் காட்டியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால், பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயில் கொண்டுபோய் வைப்பாள், முகத்தைப் பார்க்காமலே. நடக்கத் தொடங்கிய புதிதில் சொல்லிக்கொண்டிருந்த இரண்டொரு சொற்களும் எங்கோ போய்விட்டன. மர்ஜான் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். அவர்கள் கேட்ட கேள்விகளை வைத்து இங்காரை மறுபடி கவனித்தாள்.

இது தன் அமைதி இல்லை என்று சொன்னால், குழந்தையோடு இருந்த ஒரே ஒட்டும் அறுந்துபோகும். சொல்லாவிட்டால் இவர்கள் கயிறு மேல் கயிறாக வெட்டிக்கொண்டே இருப்பார்கள். குழந்தையின் காலம் வீணாகிப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய ஆட்கள். தவ்லெத்தின் மனைவி ரவ்ஷான் தலை குனிந்தபடி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குல்யாஷ் சித்தி வீடு அதிரப் பாடத் தொடங்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள். காலில் கயிற்றோடு நின்ற இங்கார் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கீச்சென்று அலறினாள். அப்படியே தரையில் விழுந்து, மேசைக்கடியில் ஊர்ந்து போய்விட்டாள்.

"கூச்சம்! அத்தை புத்தியில்ல?" சித்தி சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலோடு குனிந்தாள்.

"நிறுத்துங்க சித்தி." மர்ஜானின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவ கூச்சப்படல. எங்கிட்டேருந்து அவளுக்கு எதுவும் வரல."

"அடேங்கப்பா, முத்து உதிருதுடோய்!"

மர்ஜான் காதில் வாங்கவில்லை. கூடம் அடங்கி, குழந்தையும் அழுது ஓய்ந்து தரைவிரிப்பின் குஞ்சத்தைச் சுண்டத் தொடங்கும்வரை பொறுத்திருந்தாள். "தவ்லெத், இப்ப அவளைக் கூப்பிடு."

"எதுக்குக்கா?"

"கூப்பிடுடா!"

"இங்கார்!" என்றான். அவள் திரும்பவில்லை. சித்தி கூப்பிட்டாள். அதற்கும் திரும்பவில்லை.

"காது கேக்கலையோ என்னமோ" என்றார் ஒருவர்.

மர்ஜான் அடுத்த அறைக்குப் போனாள். விருந்தின் முடிவில் வந்தவர்கள்மேல் தூவுவதற்காக வைத்திருந்த மிட்டாய்களில் ஒன்றை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தாள். சரசரப்புக் கேட்டதும் குழந்தையின் தலை விருட்டென்று திரும்பியது. ஓடி வந்து மிட்டாயை எடுத்துக்கொண்டாள். கொடுத்தது யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காது கேக்குது" என்றாள் மர்ஜான். "பேர் சொல்லிக் கூப்பிட்டா மட்டும்தான் திரும்ப மாட்டேங்குறா. இது அடக்கமும் இல்ல, என் கைராசியும் இல்ல. ஆட்டிசமா இருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. பாத்துச் சொல்றதுக்குன்னே டாக்டர் இருக்காங்க. எவ்வளவு சீக்கிரம் போறமோ அவ்வளவு நல்லது."

"என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல" என்று தவ்லெத் ஆரம்பித்தான். குழந்தையைப் பார்த்தான்.

ரவ்ஷான் தேநீர்க் கெண்டியோடு எழுந்து வந்தாள். மாமியார் வீட்டு விருந்தில் அவள் நிமிர்ந்து பார்த்ததை அன்றுதான் எல்லோரும் கண்டார்கள்.

"அண்ணி, நீங்க கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாளா?"

"மாட்டாம்மா."

"உங்க தம்பி கூப்பிட்டாலும்?"

"இப்பப் பாத்தியே."

"நான் தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாப்பேன் அண்ணி. எனக்கு மட்டும்தான் திரும்ப மாட்டாளாக்கும்னு நெனச்சேன். பெத்தவளைப் புடிக்காம போச்சு போலன்னு… யார்கிட்டயும் சொல்லக்கூட வெக்கமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். தேநீர் ஆறுகிறது என்று யாரும் சொல்லவில்லை. குல்யாஷ் சித்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த கெண்டியை வாங்கிக்கொண்டாள்.