கடுக்கன் திருகும் ராஜா

...அதுவும் மூன்று தடவை, ஒரு தடவை சொன்னால் போதாதாம், குரலில் உயிரில்லை, சிரித்தபடி இன்னொரு தடவை சொல்லுங்க மேடம் என்று அந்த ஆவணப்படக்காரர் ஜெயராஜ் கேட்க, வினோதாவும் மண்டையை மண்டையை ஆட்டி, எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும் என்றாளே, ஏன் ஆட்டினாள்? அனிமேஷன் படம் செய்கிறவர்களைப் பற்றி ஒரு படமாம். எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டரிலேயே வரைகிறவளைப் பென்சிலும் காகிதமுமாக ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள், அப்போதுதான் கலைஞர் மாதிரி இருக்குமாம். ஆறு வாரம் உயிரைக் கொடுத்து ஓட வைத்த குதிரையை, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் தூக்கிப் போட்டார்களே, அதை யாராவது கேட்டார்களா... சரி, சொல்ல இவளுக்குத்தான் வாய் வந்ததா? ஆவடியில் ரயிலை விட்டு இறங்கியதைவிட ஏறிய கூட்டம் அதிகம், யாருடைய டிபன் பையோ விலாவில் இடிக்கிறது, கோபத்தை யார்மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. போதாததற்குப் புருஷன் பரணிதரனுக்கு இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தேர்வாய் கண்டிகையில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் வரைகிற வேலை, செவ்வாப்பேட்டையில் வீட்டு முனைக்கே பஸ் வரும், இந்த ரயில் பேஜாரு கிடையாது, ஆறு மணிக்கெல்லாம் வீடு. ஆனால் லேபிளில் எது நடக்கும், எது ஓடும்?

அந்த ஆவணப்படத்தில் தொகுத்த துண்டைப் பூமிகா அனுப்பியிருந்தாள், ஸ்டூடியோவில் பக்கத்து நாற்காலிக்காரி, 'சூப்பரா கீறே' என்று. ஒற்றைக் கையால் போனைப் பிடித்துப் பார்த்தாள். நாற்பது விநாடியில் இவளுக்கு நாலு, மீதியெல்லாம் ஸ்டூடியோ டைரக்டர்தான், வழக்கம்போல... அந்த நாலிலும் இது என்ன, வலது கை காதுக்குப் போய்க் கம்மலைத் திருகுகிறதே. இவர்கள் வரைகிற குழந்தைகள் படத்தில் ராஜா பொய் சொல்லும்போதெல்லாம் கடுக்கனைத் திருகுவான், குழந்தைகள் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம், இவள் கொடுத்த யோசனைதான், கண்ணாடி முன் தானே ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்து விரல் விரலாக வரைந்தது. அது தன் கை என்று அன்றைக்கு ஏன் தோன்றவில்லை? மூன்று தடவையும் திருகியிருப்பாளோ? ராஜாவோடு ஒரு வருஷம் உட்கார்ந்த பூமிகாவுக்குக்கூடவா தெரியவில்லை, அல்லது தெரிந்துதான் சூப்பர் என்றாளா...

போன் அடித்தது. பரணிதரன்தான்.

"வினோ, எங்க மேனேஜர் எபினேசர் சார் கேட்டுக்கினே கீறாரு. இன்னிக்குச் சொல்லலன்னா வேற ஆளப் போட்டுடுவாராம். இன்னா சொல்றது?"

வேப்பம்பட்டு தாண்டிவிட்டது, அடுத்தது செவ்வாப்பேட்டைதான்.

"வாணாம்னு சொல்லிடுங்க. எனக்கு இந்த வேலைதான் புடிச்சிருக்குது."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

அவன் வைத்துவிட்டான். நெஜமாத்தானா? ஒரு கையில் போன், மறு கை மேலே கைப்பிடியில், பின்னால் கூட்டம் இறங்கத் தள்ளுகிறது... இரண்டில் ஒரு கை சும்மா இருந்திருந்தால் இவளுக்கும் தெரிந்திருக்கும்.