இடது கைக் கத்திரிக்கோல்

அந்தத் தையல்கடையில் துணி வெட்டுவது தங்கை. தைப்பதும், வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவதும் அக்கா. தங்கைக்கு இடது கைப் பழக்கம். பதினோரு வருடமாக எல்லோரும் பிடிக்கிற வலது கைக் கத்திரிக்கோலால்தான் வெட்டினாள். கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது. சாயங்காலமானால் கழுத்து விண்விண்ணென்று தெறிக்கும். வேலையென்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

அவளைக் காதலித்தவன் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆள். அவளுடைய பிறந்தநாளன்று மத்தியானம், சட்டையெல்லாம் கிரீஸோடு வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

பிரித்தால் கத்திரிக்கோல்!

அக்கா மெஷினையே நிறுத்திவிட்டாள். "ஏன் தம்பி, அடுத்த வருஷம் இஸ்திரிப்பெட்டியா?"

"சும்மா இரு அக்கா" என்றாளே தவிர, தங்கைக்கும் முகம் சுண்டிப்போயிற்று. ஒப்புக்கு, கோடு போட்டிருந்த ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தாள். கோணல்மாணலாகப் போனது.

"இது சரியில்லையே."

"சரியாத்தான் இருக்கு. இடது கைக்குன்னே செஞ்சது. நீ பழக்கதோஷத்துல விரலைத் திருகுற. திருகாம வெட்டு."

மறுபடி வெட்டினாள். சாக்பீஸ் கோடு முழுசாகக் கண்ணில் பட்டது. இத்தனை வருடமும் பழைய கத்திரிக்கோலின் மேல் அலகு அந்தக் கோட்டை மறைத்ததால், கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தே வெட்டியிருக்கிறாள். இப்போது நிமிர்ந்து நின்றபடி ஒரு கை நீளம் வெட்டி முடித்தாள். இழை பிசகவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் காதைச் சொறிந்தான். "கழுத்து வலின்னு சொல்லிட்டே இருந்தியா... ஏன்னு புரியல. வீட்ல இருக்கற கத்திரிக்கோலை இடது கையில புடிச்சு, ஒரு வாரம் பழைய பேப்பரா வெட்டினேன். மூணாம் நாளே எனக்கும் கழுத்து புடிச்சுக்கிச்சு. அப்பத்தான் புரிஞ்சுது."

தங்கை வைத்த கண் வாங்காமல் அவனைப் பார்த்தாள். வலி என்றதும் ஆளாளுக்குத் தைலம் கொடுத்தார்கள். அவள் வலியை ஒரு வாரம் தன் கழுத்தில் வாங்கிப் பார்த்தவன் இவன் ஒருத்தன்தான். இந்த ஊமைக்கோட்டான் மனசுக்குள் இவ்வளவு இருந்ததா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

அக்கா துணிக்குவியலை ஒதுக்கி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். குரலில் கிண்டல் போயிருந்தது.

"உக்காருங்க தம்பி. வீட்டுப் பெரியவங்களை எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை" என்றாள் தங்கை.