ஒரு வார்த்தை கேட்கவில்லை

பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையை அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். அதில் பாதிப் பங்கு வெளியூர் முதலாளி ஒருவருடையது. ஆற்றோரக் குடியிருப்பை இடித்துத் தள்ளுவோம் என்று மேடைக்கு மேடை முழங்கிய கட்சிக்கு அவர் நன்கொடையை அள்ளிக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. அக்காவுக்கு மனசே ஆறவில்லை. அவளிடம் தைத்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் குடியிருந்தார்கள்.

"அவர் உறவு இனி நமக்கு வேண்டாம்டா."

"அவர் காசு, யாருக்கோ குடுக்கிறாரு. அவர் போனா பட்டறை படுத்துடும்க்கா," என்றான் தம்பி.

"அப்புறம் இவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

அவள் பிடித்த பிடியை விடவில்லை. முதலாளியும் மல்லுக்கு நிற்காமல் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போனார். அதை ஈடுகட்டப் புது மெஷின்களை விற்க வேண்டியதாயிற்று. வேறு யாரும் முதல் போட முன்வரவில்லை. கடைசியில் பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தும்படி ஆனது. அதை அக்காவே தன் வாயால் சொன்னாள்.

பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவள் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"வீட்டை இடிப்போம்னு அவங்க சொன்னாங்க, இன்னும் இடிக்கல. அதுக்குள்ள வேலைய நீங்க எடுத்துட்டீங்க. எங்களுக்காகத்தானே செஞ்சீங்க, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

அந்த ஆளோடு ஒட்டிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று அப்போதும் அக்காவுக்குத் தோன்றவில்லை. ஆனால் இவர்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றாமல் போனது எப்படி என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.