மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்த காய்ச்சல்

மருந்துக்கடைக்குக் காய்ச்சல் முதன்முதலாக நேரில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைக்காரி ஷட்டரைத் தூக்கிய கையோடு. ஆள் உயரம்தான் இருந்தது. உடம்பென்று சொல்ல ஏதுமில்லை. உச்சி வெயிலில் தார் ரோட்டின் மேல் காற்று நெளியுமே, அந்த நெளிவு எழுந்து நடந்து வந்ததுபோல் இருந்தது. உள்ளே வந்து, வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரி யாரென்று கேட்கவில்லை. இத்தனை வருஷமாக ஊரார் நெற்றியில் தொட்டுப் பார்த்த சூடு அவளுக்குத் தெரியாதா என்ன? முந்தின வாரம் லாரி டிரைவருக்கு வந்து, இரண்டு மாத்திரையில் பாதி இறங்கி, மீதி எங்கே போனதென்று யாரும் விசாரிக்காத அதே காய்ச்சல்தான்.

கடைக்காரியை ஊரில் கத்திரி அக்கா என்பார்கள். நாக்கு கத்திரி என்பதால் அல்ல, நாக்கும் கொஞ்சம் அப்படித்தான் என்றாலும். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதில் அவளுக்கு ஈடு கிடையாது. டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதியிருப்பார். வாங்க வந்தவர் தலையைச் சொறிவார். "சரி, ரெண்டு போதும், கேக்கலன்னா வாங்க" என்று சொல்லி, கத்திரியை அட்டையில் ஓட்டி, பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடுவாள். அதை இரக்கம் என்றுதான் அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது. வாங்கிப்போனவர்களும் அந்த இரண்டையும் ஒழுங்காக விழுங்கிவிடுவதில்லை. ஒன்றை விழுங்கி, உடம்பு லேசானதும் இன்னொன்றை மச்சினிக்கோ பக்கத்து வீட்டுக்கோ பத்திரமாக எடுத்துவைப்பார்கள். சமையலறை டப்பாவில் மருந்து கிடக்காத வீடே அந்தத் தெருவில் இல்லை.

அலமாரியை மட்டும் அவள் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தாள், குடும்பம் குடும்பமாக. மேல் தட்டில் பென்சிலின் வகையறா, அதன் சித்தப்பா பிள்ளைகளான அமாக்சிசிலினும் மற்றதும். கிருமியின் சுவரை இடிப்பது அவற்றின் வேலை. அடுத்த தட்டில் டெட்ராசைக்ளின், அசித்ரோமைசின். அவை உள்ளே போய்க் கிருமியின் அடுப்பை அணைத்துப் பட்டினி போடும். அதற்கும் கீழே சிப்ரோ வகை. கிருமி தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கும் நூலைச் சிக்கலாக்கிவிடும். வைரஸுக்கான மருந்துகள் ஒரு சின்னப் பெட்டியில் தனியாக இருந்தன. வைரஸ் வேறு இனம், மேல் தட்டு மருந்துகளை அது ஒரு பொருட்டாகவே மதிக்காது. இது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், மூக்கொழுக வந்த பள்ளிக்கூட வாத்தியார் "ஸ்ட்ராங்கா ஏதாவது கொடும்மா" என்று அழுதால், மேல் தட்டிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவாள். வாத்தியாரின் சளி அது பாட்டுக்கு வந்து அது பாட்டுக்குப் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்தது மட்டும் கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டது.

ஊர் ஒரு வாரம் பயந்தது. பிறகு பழகிவிட்டது. பெஞ்சுக்காரர் என்று பெயர் வைத்தார்கள், மரியாதையாக. நாமும் அப்படியே சொல்லுவோம். அவர் யாரையும் தொடவில்லை, எதையும் கேட்கவில்லை. பெஞ்சின் அந்த ஓரம் மட்டும் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், உட்காரப் போனவர்கள் உதறிக்கொண்டு எழுந்திருப்பார்கள். குளிர் நாளில் சிலர் வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்றார்கள். கத்திரி அக்கா பினாயில் ஊற்றிப் பார்த்தாள், பெஞ்சைத் தெருவில் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். பெஞ்சுக்காரர் பெஞ்ச் இல்லாமலே அதே உயரத்தில் உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்காமல் அவளே பெஞ்சைத் திரும்ப எடுத்துப் போட்டாள்.

இரண்டாம் வருஷம் மேல் தட்டு வெளுத்தது. சிவப்பும் மஞ்சளுமாய் இருந்த கேப்ஸ்யூல்கள் ஒரே நாளில் சுண்ணாம்புக் கட்டி நிறத்துக்கு வந்துவிட்டன. வெயில் பட்டிருக்கும் என்று அவள் திரைச்சீலை போட்டாள். மருந்துக் கம்பெனி ஆள் வந்து பார்த்து, சரக்கு சரியில்லை என்று மூக்கால் அழுதபடி புதுப் பெட்டி இறக்கினார். அவர் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் அந்தப் பெட்டியும் வெளுத்தது. வெளுத்ததை விழுங்கியவர்களுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, முனகல்தான் கூடியது. நான்காம் வருஷம் அடுத்த தட்டு. அதற்கடுத்த கோடையில் சிப்ரோ. ஒவ்வொரு தட்டு வெளுத்த அன்றும் பெஞ்சுக்காரர் பார்வையை ஒரு தட்டு கீழே இறக்கினார், பக்கம் புரட்டுகிற பிள்ளை மாதிரி.

அப்போதுதான் அவள் அந்தப் பார்வையைக் கவனித்தாள். கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து நேருக்கு நேராகக் கேட்டாள்: "உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்."

"ஒண்ணும் வேணாங்க்கா" என்றார் பெஞ்சுக்காரர். அடுப்பில் சாம்பல் சரிகிற மாதிரிக் குரல். "மொத்தமாக் கொடுத்திருந்தீங்கன்னா அன்னிக்கே முடிஞ்சிருப்பேன். ரெண்டு ரெண்டாக் கொடுத்தீங்க. ஒவ்வொரு மருந்தையும் நிதானமா உக்காந்து படிக்க முடிஞ்சுது."

அவள் அன்றே கத்திரியைச் சாக்கடையில் வீசினாள். முழு அட்டைதான், முழு வாரம்தான், டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது என்றாள். ஊர் வாய்க்கு வந்தபடி ஏசியது. அக்காவுக்குத் திமிர் வந்துவிட்டது என்று சொல்லி, கத்தரித்துக் கொடுக்கிற அடுத்த தெருக் கடைக்குப் போனது. மூன்று மாதம் ஈ ஓட்டினாள். நான்காம் மாதம் புதுக் கத்திரி வாங்கினாள். அவளைக் குறை சொல்வது சுலபம். வாடகைக்கு இருக்கிற கடையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பக்கத்துக் கடை அவள் தம்பியுடையது. தையல்காரன். அம்மா போன பிறகு அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள், அவனுக்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தப் பேச்சையே மறந்தாள். சட்டைக்குக் காலர் வைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பேச்சில் அதைவிட இல்லை. "பெஞ்சுக்காரரே, ஒரு அளவு எடுத்துக்கட்டுமா?" என்று டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவரையே கிண்டல் செய்வான். ஒரு நாள் மிஷின் ஊசி உடைந்து அவன் வலது ஆள்காட்டி விரலில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டுத் தைத்தான். மறுநாள் விரல் வாழைப்பழமாய் வீங்கியது. அதற்கு மறுநாள் முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அக்கா வெளுத்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாள், அவளுக்கே நம்பிக்கையில்லாமல். பிறகு ஆட்டோ பிடித்தாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு மருந்தை எடுத்துக் காட்டினார். தேன் நிறத்தில் சின்னச் சின்னக் குப்பிகள், ஊசியில் மட்டும் போடுவது. கடைசி வகை இது, இதற்கு மேல் தட்டே கிடையாது என்றார். ஒரு வேளை ஊசி தவறினாலும் கை போகும், ஆளும் போகலாம் என்றார். அவள் தலையாட்டினாள். இந்தத் தட்டைப் பெஞ்சுக்காரர் பார்த்ததில்லை என்பது ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது. அது நிஜமும்கூட. ஊசி போட்ட மூன்றாம் நாள் சிவப்புக் கோடு மணிக்கட்டுக்குக் கீழே இறங்கியது. தம்பி டீ டம்ளரை வலது கையால் பிடித்தபோது அவள் வராந்தாவுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

மீதி ஊசியை வீட்டுப் பக்கத்திலேயே நர்ஸிடம் போட்டுக்கொள்ளலாம் என்று குப்பிகளை ஐஸ் பையில் வைத்துத் தம்பியிடம் கொடுத்தனுப்பினார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். அவன் கடையில் யூனிஃபார்ம் துணி கூரை முட்டக் கிடந்தது. இரண்டு நாள் நர்ஸிடம் போனான். மூன்றாம் நாள் மிஷினில் உட்கார்ந்தான், நாலாம் நாளும் உட்கார்ந்தான். போட்டாச்சா என்று அக்கா கேட்டபோதெல்லாம் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். ஐந்தாம் நாள் காலை, முகமெல்லாம் சிரிப்பாக, ஐஸ் பையோடு அவள் கடைக்குள் வந்தான்.

"வலியே இல்லக்கா. இதெல்லாம் எதுக்கு வீணா? நீ வச்சுக்கோ, யாராவது ஏழபாழைக்கு ஆவும்" என்று சொல்லி, குப்பிகளைக் கண்ணாடி மேசை மேல் வரிசையாக அடுக்கினான். அவள் கொடுத்து அவன் பார்த்து வளர்ந்த இரக்கம்தானே அது. அவள் இரண்டு கையையும் விரித்து மூடப் பாய்ந்தாள். மூடினாள்கூட. ஆனால் விரலிடுக்கு என்று ஒன்று இருக்கிறது. பெஞ்சுக்காரர் எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலே குனிந்து, கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் கழுத்துப் பின்புறம் கொப்புளித்தது. உள்ளங்கைக்குக் கீழே தேன் நிறம் ஒவ்வொரு குப்பியாகத் தெளிந்து வெறும் தண்ணீராயிற்று.

"படிப்பு முடிஞ்சுதுக்கா" என்றார் பெஞ்சுக்காரர். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தெருவில் இறங்கி, கடைத்தெருப் பக்கம், அவசரமில்லாமல் நடந்து போனார்.

அன்று சாயங்காலமே கோடு திரும்பி ஏறியது. டாக்டர் பூட்டிய அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே எல்லாம் தண்ணீர். கையா, ஆளா என்று கேட்டார். "அக்கா, இது தைக்கிற கைக்கா, விட்றாதக்கா" என்று தம்பி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, ஆள்தான் வேண்டும் என்றாள். தோளுக்குக் கீழே எடுத்தார்கள். பிழைத்தான். ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. அவள் மூன்று வேளையும் சோறு பிசைந்து ஊட்டினாள், அவனும் பேசாமல் வாங்கிக்கொண்டான்.

இப்போது மருந்துக்கடையில் சீப்பு, சோப்பு, குழந்தைகளுக்குப் பவுடர் விற்கிறது. பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், குளிர்ந்து கிடக்கிறது. சவரக்கடையில் கத்தியை நிறுத்திவிட்டார்கள், ஊரே தாடியோடு திரிகிறது. முள் குத்தினால் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. பெரியாஸ்பத்திரியில் ரம்பம் தீட்டுகிறவருக்குத்தான் ஓய்வே கிடையாது. தம்பி இடது கையால் தைக்கப் பழகிவிட்டான், துணி வெட்டுவதற்கு மட்டும் அக்கா வந்து பிடித்துக்கொள்கிறாள். வேலைக்குக் குறைவில்லை. புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடம், பாக்கெட் ஒன்றா இரண்டா என்று கேட்கிற அதே குரலில், எந்தப் பக்கக் கையைத் தைத்து மூட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறான்.